கோடரியைத் தீட்டிக் கொடுத்தவர்கள்: அமெரிக்க வெளிநாட்டு உதவியும் வலதுசாரிக் கருத்துரையாளர்களும்

பொருநைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

டெக்சாஸில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாழ்கிறேன். குடியுரிமை கிடைத்த பிறகு நான் போட்ட ஓட்டுகள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே. வரி, குடும்பம், மத சுதந்திரம் ஆகியவற்றில் அவர்கள் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்க்கட்சிக்காரன் ஒருவனின் குற்றப்பத்திரிகையாக இதை யாரும் படித்துவிட வேண்டாம்.

கென்னடி காலத்தில், 1961-ல் தொடங்கிய, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவிகளை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பு 2025 ஜூலை 1 அன்று தனி நிறுவனமாக இல்லாமல் போனது. அதற்கு முன்பே, மார்ச் 10 அன்று, அதன் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்துவிட்டதாக வெளியுறவுச் செயலர் மார்கோ ரூபியோ அறிவித்திருந்தார். இதே ரூபியோ 2017-ல் செனட்டராக இருந்தபோது, வெளிநாட்டு உதவி தர்மமல்ல, அது பட்ஜெட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, நாட்டின் பாதுகாப்புக்கு மிக அவசியம் என்று எழுதியவர். எட்டு ஆண்டுகளில் மனிதர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விட்டார். கட்சியும் கூடவே போயிற்று.

டிரம்ப் செய்தார், அரசுச் செலவைக் குறைக்க அவர் கொண்டுவந்த மஸ்க் செய்தார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய அமைப்பைச் சில வாரங்களில் தரைமட்டமாக்கியபோது கட்சிக்குள்ளிருந்து ஒரு கூக்குரல்கூட எழவில்லையே, அந்த மௌனத்துக்கான நிலத்தை யார் உழுது வைத்தார்கள் என்பதே என் கேள்வி.

இந்தக் கட்சியின் சொந்தக் கதையைப் பாருங்கள். 2003 ஜனவரியில் புஷ் தன் நாடாளுமன்ற உரையில், ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் செலவில் எய்ட்ஸுக்கு எதிரான திட்டம் ஒன்றை அறிவித்தார். அதுதான் பெப்ஃபார். பிரதிநிதிகள் சபையில் 375 பேர் ஆதரித்தார்கள், 41 பேர் எதிர்த்தார்கள். மசோதாவைக் கொண்டுவந்தவர் ஹென்றி ஹைட், கருக்கலைப்புக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்ற சட்டத் திருத்தத்துக்குத் தன் பெயரையே கொடுத்தவர். அவரைவிட வலதுசாரியான ஒருவரை அன்றைய சபையில் தேடிப் பிடிப்பது கடினம். அந்தத் திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காப்பாற்றியதாக அமெரிக்க அரசே கணக்குச் சொல்கிறது.

வேலைக்குப் போக எனக்கு ஒரு மணி நேரம், திரும்பி வர ஒரு மணி நேரம். காரில் எப்போதும் வலதுசாரிப் பேச்சு வானொலிதான். இத்தனை ஆண்டுகளில் பெப்ஃபார் என்ற சொல்லை அதில் ஒருமுறைகூடக் கேட்ட நினைவு எனக்கில்லை. நாம் சாதித்தோம், நம் கட்சி சாதித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஓர் ஆய்வுக்குப் போன சில லட்சம் டாலர்களைப் பற்றி வாரம் தவறாமல் கேட்டேன். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்திருக்கலாம். அவை மட்டுமே காதில் விழுந்துகொண்டிருந்தால் மனதில் என்ன சித்திரம் எழும்? மத்திய பட்ஜெட்டில் எவ்வளவு வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்று கைசர் குடும்ப அறக்கட்டளை கேட்டால் மக்கள் சராசரியாக 26 சதவீதம் என்கிறார்கள். உண்மை சுமார் ஒரு சதவீதம். இந்த இடைவெளி தானாக விழுந்ததல்ல, வருடக்கணக்கில் தோண்டப்பட்டது.

சேந்தன்

நண்பர் மனம் நொந்து எழுதியிருக்கிறார், மதிக்கிறேன். ஆனால் காரணத்தையும் விளைவையும் தலைகீழாக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பாட் புக்கானன் தொலைக்காட்சி விவாதங்களால் பெயர் பெற்றவர். 1991 டிசம்பரில் ‘அமெரிக்காவே முதலில்’ என்ற முழக்கத்தோடு, வெளிநாட்டு உதவியைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று சொல்லித்தான் அதிபர் வேட்பாளராகக் களமிறங்கினார். கருத்துரையாளர்களுக்கு அவ்வளவு வலிமை இருந்திருந்தால் அன்றே வென்றிருக்க வேண்டும். தோற்றார். இடையில் இராக் போர் வந்தது, 2008 நிதி நெருக்கடி வந்தது, மத்திய மேற்கு ஊர்களில் ஆலைகள் மூடின. மக்கள் மாறினார்கள். வானொலிக்காரர் கேட்பவரின் பின்னால் போகிறவர். சந்தையில் எந்தச் சரக்கு விலை போகிறதோ அதைக் கடையில் வைக்கிறார்.

இன்னொன்று. வெளிநாட்டு உதவியைக் குறை சொன்ன எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பீட்டர் பாயர் என்ற பொருளியல் அறிஞர் பல பத்தாண்டுகளாக ஒன்றைச் சொன்னார்: அரசிலிருந்து அரசுக்குப் போகும் பணம் ஏழைக்குப் போவதில்லை, ஆட்சியாளரின் கையைத்தான் பலப்படுத்துகிறது என்று. ஜாம்பியாவில் பிறந்த டாம்பிசா மோயோ 2009-ல் ஏறக்குறைய அதையே ஆப்பிரிக்கக் குரலில் சொன்னார். இவர்களையும் கோடரி தீட்டியவர்கள் என்பீர்களா? அப்படியானால் நாளை எவரும் எதையும் விமர்சிக்க முடியாது.

பொருநைக்கரையான்

பாயரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் வாதம் எழுதினார், எதிர்வாதத்துக்கு இடம் வைத்தார். நான் சொல்வது வாதம் எதுவும் எழுதாமல் ஏளனத்தை மட்டும் பரிமாறியவர்களைப் பற்றி.

‘மக்கள் மாறினார்கள், இவர்கள் பின்னால் போனார்கள்’ என்கிறீர்கள். ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் ஞாபகம் இருக்கிறதா? வட கரோலினா செனட்டர். வெளிநாட்டு உதவியை எலி வளையில் கொட்டும் பணம் என்றவர். அந்த மனிதரே 2002-ல், மதபோதகர் பிராங்க்ளின் கிரஹாமின் அமைப்பு நடத்திய கூட்டத்தில், எய்ட்ஸ் விஷயத்தில் இவ்வளவு குறைவாகச் செய்ததற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்க 50 கோடி டாலர் கேட்டு அடுத்த மாதமே வாஷிங்டன் போஸ்டில் எழுதினார். பாடகர் போனோ அவரிடம் விவிலியத்தைக் காட்டிப் பேசினார், தேவாலயத்துக்காரர்கள் பேசினார்கள், எண்பது வயது மனிதர் மாறினார். பேச்சு ஒருவரை நல்ல பக்கம் திருப்பும் என்றால் கெட்ட பக்கமும் திருப்பும். முதலாவதை ஒப்புக்கொண்டு இரண்டாவதை மறுக்க முடியாது.

தணிகைமலை

அமெரிக்கா தன் பணத்தைத் தருகிறது, நிறுத்துகிறது. நாம் ஏன் அழ வேண்டும்? 1965 முதல் 1967 வரை, பிஎல் 480 என்ற உணவு உதவிச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமையை அதிபர் ஜான்சன் கப்பல் கப்பலாகப் பிடித்து வைத்து, இந்தியா தன் சொல்லுக்கு ஆடுகிறதா என்று பார்த்துப் பார்த்து விடுவித்தார். அந்த அவமானத்தில் பிறந்ததுதான் நம் பசுமைப் புரட்சியின் வேகம். உதவி என்பது கழுத்தில் கட்டிய கயிறு. அறுந்தால் நல்லது.

அதோடு, 2025 பிப்ரவரியில் இந்தியத் தேர்தலில் வாக்குப்பதிவை உயர்த்த 2.1 கோடி டாலர் வந்தது என்று அவர்களே சொன்னார்களே. உதவி என்ற பெயரில் நம் தேர்தலுக்குள் கை நுழைத்தார்கள் என்று நம் தொலைக்காட்சிகளில் எத்தனை நாள் விவாதம் நடந்தது!

இளவெயினி

தணிகை, அந்த 2.1 கோடி டாலர் விஷயம் இந்த இழைக்கே சரியான உதாரணம். இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆவணங்களைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அந்தத் தொகை 2022-ல் வங்கதேசத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் இங்கே விவாதங்கள் நடந்து முடிந்துவிட்டன. திருத்தத்தை யார் பார்த்தார்கள்? உங்கள் மனதிலேயே இன்னும் பழைய செய்திதான் இருக்கிறது.

காஸாவுக்கு 5 கோடி டாலருக்கு ஆணுறை என்ற கதையும் அப்படித்தான். 2025 ஜனவரி 28 அன்று வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் சொன்னார். சில நாளில் அதிபர் வாயில் அது 10 கோடியானது. மொசாம்பிக் நாட்டில் காஸா என்று ஒரு மாகாணம் இருக்கிறது, எச்.ஐ.வி. பணிகள் நடந்த இடம் அது. பாலஸ்தீனக் காஸாவுக்கு அப்படி எதுவும் போகவில்லை. பிப்ரவரி 11 அன்று நிருபர்கள் கேட்டபோது, நான் சொல்வதில் சில தவறாக இருக்கும், திருத்தப்பட வேண்டும் என்றார் மஸ்க். ஆனால் திட்டங்கள் திரும்பி வரவில்லை.

நான் கத்தோலிக்கப் பெண். எனக்கு இதில் மிகவும் வலிப்பது வேறொன்று. பெப்ஃபாரின் மீது முதல் பெரிய வெட்டு மஸ்க் காலத்தில் விழவில்லை, 2023-ல் விழுந்தது. அந்த மே மாதம் வலதுசாரி ஆய்வு அமைப்பான ஹெரிடேஜ் அறக்கட்டளை ஓர் அறிக்கை வெளியிட்டு, பெப்ஃபார் பணம் கருக்கலைப்பு ஆதரவுக்குப் போகிறது என்றது. 2018-ல் இதே திட்டத்தின் நீட்டிப்பு மசோதாவைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் கிறிஸ் ஸ்மித் இப்போது எதிர்த்து நின்றார். செப்டம்பர் 30 அன்று சட்டத்தின் காலக்கெடு புதுப்பிக்கப்படாமல் கழிந்தது. அதுவரை ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்ட திட்டத்துக்கு 2024-ல் கிடைத்தது ஓராண்டு மட்டுமே.

பிறகு 2025 ஜனவரியில், மொசாம்பிக்கில் நான்கு செவிலியர் 21 கருக்கலைப்புகள் செய்தது தெரியவந்தது. அது விதிமீறல், கண்டிக்க வேண்டியது, நானும் கண்டிக்கிறேன். ஆனால் இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்த திட்டத்தில் அதைத் திருத்திவிட்டு மேலே போவதுதானே உயிரைப் போற்றுகிறவர் செய்யக்கூடியது? ஹைட் அப்படித்தான் செய்திருப்பார் என்று நம்புகிறேன்.

அன்பின் வரிசை என்று துணை அதிபர் வான்ஸ் தொலைக்காட்சியில் பேசினார்: முதலில் குடும்பம், பிறகு அயலார், பிறகு ஊர், நாடு, கடைசியில் உலகம். பிப்ரவரி 10 அன்று போப் பிரான்சிஸ், குடியேறியவர்கள் நாடு கடத்தப்படுவது குறித்து அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், உண்மையான அன்பின் வரிசையை நல்ல சமாரியன் உவமையில் தேடுங்கள் என்றார். என் பங்குக் கோயிலில் அந்தக் கடிதத்தை வாசிக்கவில்லை. வான்ஸ் பேசிய காட்சியைப் பலர் கைப்பேசியில் பகிர்ந்தார்கள்.

வாத்தியார்_திருமயம்

தணிகைத் தம்பி, ஜான்சன் செய்தது அவமானம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மூட்டையிலிருந்து குடித்தவன் பேசுகிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது 1956-ல். 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் சென்னை மாகாணப் பள்ளிகளுக்கு உணவுப் பொருள் கொடுத்தது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியின் பின்புறத் தாழ்வாரத்தில் சாக்குகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். எங்கள் ஊரில் ஒருவர் கையை இன்னொருவர் பிடிப்பது கல்யாணத்தில்தான், அதனால் அது ஏதோ கல்யாணப் படம் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயா பெரிய அண்டாவில் பால் பவுடரைக் கரைப்பாள். கட்டி கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிக்குத்தான் எங்களுக்குள் போட்டி. வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பாடம் நடக்கும்போது நாக்கால் தள்ளிக்கொண்டே இருக்கலாம். மழை பொய்த்த வருடம், பல வீடுகளில் இரவு அடுப்பு எரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் தன் தம்பிக்காக ஒரு கட்டியைச் சட்டைப்பையில் வைத்துப் போவான். பை முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிவிடும், எறும்பு மொய்க்கும்.

அமெரிக்காவுக்கு அதில் லாபம் இருந்தது. தேங்கிக் கிடந்த தானியத்தை இறக்க 1954-ல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் அது. ஐசனோவர் எந்தக் கட்சி? நம் பொருநைத் தம்பியின் கட்சிதான். அவருடைய விவசாயிக்கும் லாபம், எங்கள் வயிற்றுக்கும் லாபம். கயிறு இருந்தது என்பதற்காக அந்தப் பையனின் தம்பி பட்டினி கிடந்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தணிகைமலை

ஐயா, நீங்கள் சொன்னதை மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. வங்கதேசத் தொகை குறித்தும் தேடிப் பார்த்தேன். இளவெயினி சொன்னதுதான் சரி. கயிறு பற்றிய என் கருத்து மாறவில்லை, ஆனால் அதை வெட்டும்போது யார் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும்.

கண்மணி_செவிலி

வழக்கமாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன். இன்று எழுதுகிறேன்.

1990-களின் கடைசியில் நாமக்கல் பக்கம் எச்.ஐ.வி. ஆலோசகராக இருந்தேன். லாரித் தொழில் உள்ள ஊர், நோயும் அந்த வழியில் பரவியது. சென்னையில் விஎச்எஸ் மருத்துவமனை வழியாக யுஎஸ்எய்ட் பணத்தில் ஆபாக் என்ற தடுப்புத் திட்டம் 1995 முதல் நடந்தது. லாரிப் பட்டறைகளிலும் டீக்கடைகளிலும் ஓட்டுநர்களிடம் பேசப் பழகிக்கொண்டது அந்தத் திட்டத்தின் பயிற்சியில்தான்.

தடுப்புக்குப் பணம் இருந்தது, சிகிச்சைக்கு இல்லை. மாத்திரை இருந்தது, ஆனால் விலைக்கு. ஓர் ஓட்டுநர், முப்பத்தொரு வயது. அவர் மனைவி இரண்டு கறவை மாடுகளை விற்று வந்த பணத்தில் மாத்திரை வாங்கினார். அது தீர்ந்ததும் தோட்டை விற்றார். பிறகு விற்க எதுவும் இல்லை. அந்த அம்மா காலி அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, “இதைப் பாதிப் பாதியாக வெட்டிக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வந்திருக்குமா?” என்று கேட்டார். ஓட்டுநர் 2003 தைப்பொங்கலுக்கு முன் இறந்தார். அதே மாதக் கடைசியில் புஷ் பேசிய அந்த உரையை நான் அப்போது கேள்விப்படவில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் மருத்துவமனையில் நம் அரசு இலவச மாத்திரை கொடுக்கத் தொடங்கியது. பதினைந்து மாதம் தாமதம் அவருக்கு.

சிப்லா 2001-லேயே ஒரு நாள் மருந்தை ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. பிறகு பெப்ஃபார் ஆப்பிரிக்காவில் கொடுத்த மாத்திரைகளில் மிகப் பெரும்பகுதி நம் நாட்டுக் கம்பெனிகள் செய்தவை. ஆகவே இதை அமெரிக்கா–ஆப்பிரிக்கா விவகாரமாக மட்டும் பார்க்காதீர்கள். ஹைதராபாத்தில் யுஎஸ்எய்ட் பணத்தில் திருநங்கையருக்காக நடந்த மித்ர் மருத்துவமனை, வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்த டிரம்பின் 2025 ஜனவரி உத்தரவோடு மூடப்பட்டது.

இந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைரஸ் திரும்ப ஏறும். இடைவெளி விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாமல் போகும். ‘90 நாள் மறுபரிசீலனை’ என்ற சொல்லைச் செய்தியில் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. அதை எழுதியவர்களில் ஒருவராவது காலி அட்டையைப் பார்த்திருப்பாரா?

சேந்தன்

கண்மணி அக்கா, படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாகாது. 2025 மே மாதம் ஜாம்பியாவுக்கான மருந்து உதவியில் ஆண்டுக்கு 5 கோடி டாலரை அமெரிக்கா வெட்டியது. காரணம், இலவசமாகக் கொடுத்த மருந்துகள் திருடப்பட்டுத் தனியார் கடைகளில் விற்கப்பட்டன. பாயர் பயந்தது கற்பனை அல்ல. அதை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் நான் முன்பு எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். கடைக்காரர் உவமை தவறு. கடைக்காரன் விற்ற அரிசியில் கல் இருந்தால் வாங்கியவன் சமைக்கும்போது கண்டுபிடிக்கிறான். கேட்டவருக்கு ஜாம்பியாவில் என்ன நடக்கிறது என்று தெரிய வேறு வழியே இல்லை. சொல்பவர்தான் அவருக்குக் கண். அந்த இடத்தில் இருப்பவருக்குக் கடைக்காரனைவிடப் பெரிய கடமை உண்டு. திருட்டைச் சொன்னவர், அதே மூச்சில் பிழைத்தவர்களின் எண்ணிக்கையையும் சொல்லியிருக்க வேண்டும்.

பொருநைக்கரையான்

சேந்தன், நான் சொல்ல முயன்று முடியாமல் போனதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

கத்தியவர்களைவிட எனக்கு மரியாதைக்குரிய பத்தி எழுத்தாளர்கள் மேல்தான் கோபம் அதிகம். முன்னாள் ராணுவ ஜெனரல் ஃப்ளின், லுத்தரன் சேவை அமைப்புகள் பண மோசடி செய்வதாக எழுதியபோது அது அபத்தம் என்று அறிந்தவர்கள் இவர்கள். கத்தோலிக்க நிவாரண அமைப்பின் வரவுசெலவில் ஏறக்குறைய பாதி யுஎஸ்எய்ட் பணம் என்றும் தெரியும். தங்கள் வாசகர்கள் ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போடும் அதே கைகள்தான் அங்கே சோளமாவு கொடுக்கின்றன என்றும் தெரியும். அதைச் சொன்னால் வாசகர் போய்விடுவார் என்று பேசாமல் இருந்தார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. மைக்கேல் கெர்சன், புஷ்ஷின் உரைகளை எழுதியவர். செய்ய முடிந்தும் இதைச் செய்யாவிட்டால் அது நமக்கு வெட்கக்கேடு என்று அதிபரின் அறையில் சொன்னவர். பிறகு வாஷிங்டன் போஸ்டில் பல ஆண்டுகள் பத்தி எழுதினார், இந்த விஷயத்தை விடவேயில்லை. 2022 நவம்பரில் இறந்துவிட்டார். 2023-ல் பெப்ஃபார் தள்ளாடியபோது அவர் இடத்தில் அவ்வளவு உரக்கப் பேச எவரும் இருக்கவில்லை. தனி ஒரு மனிதர் இல்லாததன் வெற்றிடம் இவ்வளவு தெரிகிறது என்றால், கருத்துரையாளருக்கு வலிமை இல்லை என்று எப்படிச் சொல்வது? யுஎஸ்எய்ட் மூடப்பட்ட தருணத்தில் புஷ் அதன் ஊழியர்களுக்கு ஒரு காணொலி அனுப்பினார். சாக வேண்டிய இரண்டரைக் கோடிப் பேர் உயிரோடிருப்பது நம் தேசிய நலனா என்று கேட்டு, ஆம் என்றார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 2030-க்குள் கூடுதலாக 1.4 கோடிப் பேர் இறக்கக்கூடும் என்று லான்செட் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் 45 லட்சத்துக்கும் மேல் ஐந்து வயது ஆகாத குழந்தைகள். மதிப்பீடுதான், கூடலாம் குறையலாம். பாதி என்று வைத்தாலும் என்னால் அந்த எண்ணோடு உட்கார முடியவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தளத்தில் 2013-ல் நான் எழுதிய ஒரு பதிவை நேற்று தேடி எடுத்தேன். வெளிநாட்டு உதவி ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர் என்று எழுதியிருக்கிறேன். கீழே பதினெட்டுப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஓர் எண்கூடப் பார்க்காமல் எழுதினேன். வானொலியில் கேட்டதைத் தமிழில் சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் பதிவை அழிக்கவில்லை. அதன் கீழே திருத்தம் போட்டு இந்த இழைக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் விடாமல் படித்துவந்த பத்தி எழுத்தாளர் ஒருவருக்கும் மின்னஞ்சல் எழுதினேன். பெயர் வேண்டாம். நான்காம் நாள் பதில் வந்தது, இரண்டே வரி: மூடச் சொல்லி நான் எழுதியதே இல்லை, சீர்திருத்தம்தான் கேட்டேன் என்று. சரிதான், அவர் கேட்டதில்லை. ஆனால் அவருடைய பழைய பத்திகளைத் தேடிப் பார்த்தேன். வெளிநாட்டு உதவி பற்றி என் கண்ணில் பட்டவை பதினொன்று. பதினொன்றும் வீண்செலவு பற்றியவை. எண்ணிக்கையை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

கண்மணி_செவிலி

பதில் வந்தாலும் வராவிட்டாலும் இன்னொரு முறை எழுதுங்கள், அண்ணா. அந்தக் காலி அட்டையைப் பற்றி எழுதுங்கள். நான் சொன்னதாகச் சொல்லலாம், பெயர் மட்டும் போட வேண்டாம். அந்த அம்மா இப்போதும் நாமக்கல்லில்தான் இருக்கிறார். அவருக்கும் நோய் இருந்தது. 2004-லிருந்து மாத்திரை சாப்பிடுகிறார், பேரனைப் பள்ளிக்கு அவர்தான் கொண்டுபோய் விடுகிறார்.